காத்திருப்பு நேரம்

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்த ஆசிரியன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது அகப்பட்டிருந்தால் பட்டத்தை அவருக்கே விட்டுக்கொடுத்திருப்பேன். படித்த பள்ளியில் தேடினேன், கல்லூரியில் தேடினேன், கடைசியில் ஆசிரியர்களையே தயாரித்து அனுப்புகிற பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து தேடினேன். ஓர் ஆள் இல்லை. எல்லோரும் கேள்வியையும் தாங்களே கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லி, பலே என்று தாங்களே தலையாட்டிக்கொள்கிறவர்கள்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தல் முறைகள் எடுத்த பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆக'. மூச்சு விடுவதற்கு முன்னால் 'ஆக' என்பார், விட்ட பிறகும் 'ஆக' என்பார். நடுவில் உண்மையிலேயே மூச்சு விட்டாரா என்பது விடுதியில் தீராத வழக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்தால் அவருடைய எச்சில் நோட்டில் தெறிக்கும். மைப் பேனாவில் எழுதியது கரையும். அதனால் முதல் வரிசைக்காரர்கள் மைப் பேனாவையே கைவிட்டுவிட்டார்கள்.

அவர் காத்திருப்பு நேரம் பற்றிப் பாடம் நடத்திய நாளை நான் மறக்க முடியாது.

"ஆக, காத்திருப்பு நேரம்னா என்ன? ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதும், புள்ளைங்க யோசிக்கறதுக்காக அமைதியா விடுற நேரம். சரிதானே? சரி. ஆக, அது ஏன் வேணும்? யோசிக்காம வர்றது பதில் இல்ல, வெறும் எதிரொலி. சரிதானே? சரி. ஆக, யாருக்காவது சந்தேகம் இருக்கா? இல்ல. சரி."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கையைத் தூக்குவதற்குள் அவர் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

சொற்கள் என்றால் சாதாரணச் சொற்களா! முன்னறிவைத் தூண்டுதல், வளரறி மதிப்பீடு, வலுவூட்டல், குறைதீர் கற்பித்தல். கட்டடம் எழும்பும்வரை தாங்கி நிற்கிற சாரம் மாதிரி மாணவனைத் தாங்கிப் பிடிப்பதற்குப் பெயர் சாரக்கட்டு. ஒவ்வொன்றும் சலவைக்குப் போய் வந்த மாதிரி மொடமொடவென்று இருக்கும். மூட்டைப்பூச்சி மண்டிய கட்டிலில் புதுப் போர்வை விரித்த மாதிரியும் இருக்கும். மாணவர் மையக் கற்பித்தலைச் சொல்லிக்கொடுத்த அன்று எங்களை வட்டமாக உட்கார வைத்தார் ஆக. மையத்தில் தான் நின்றுகொண்டார்.

என் அறைத்தோழன் பெயர் பசை. எந்தப் பாடமாக இருந்தாலும் ஒரு சார்ட் ஒட்டுவான். எங்கள் அறையில் புளித்த பசை வாடை சுவரில் ஊறிப்போயிருந்தது. அவனுடைய சார்ட்டுகளில் எல்லாம் அவன் தலைமுடி இரண்டு சேர்ந்து ஒட்டியிருக்கும். மழை எப்படி வருகிறது என்பதற்கு அவன் வரைந்த சூரியனுக்கு மூக்கும் மீசையும் உண்டு. அந்தச் சூரியனைக் காட்டியே அவன் எல்லா மாதிரி வகுப்பிலும் முதல் தரம் வாங்கினான்.

பசையிடம் ஒரு தந்திரமும் இருந்தது. பார்வையாளர் வருகிற நாளில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் உள்ளங்கையைக் காட்டுவான், தெரியாதவன் முஷ்டியைக் காட்டுவான். பசை உள்ளங்கைகளை மட்டும் எழுப்புவான். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே கைக்காடு தெரியும், மனம் குளிர்ந்துபோவார்.

"உனக்குக் குமட்டலையாடா?" என்று கேட்டேன்.

"குமட்டுது மச்சி. ஆனா முதல் தரம் வருதே."

"நான் கேப்பேன். கேட்டுட்டு நிப்பேன். அவ்வளவுதான்."

"நில்லு. நல்லா நில்லு. உனக்குச் சிலைதான் வைக்கணும்."

கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பை ஒரு டீச்சர் பார்த்துக்கொண்டார். அவருக்கு நான் தம்பி; அவருடைய இருமல் மிட்டாய் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போவதுதான் முதல் வாரம் முழுக்க நான் பெற்ற பயிற்சி. அவர் பாடம் நடத்தும் விதமே தனி. "தண்ணீர் ஆவியாக மா..." என்று நிறுத்துவார். "றும்!" என்று வகுப்பு காது கிழியக் கத்தும். "ஆவி மேலே போ..." "கும்!" அரை வார்த்தையைத் தின்னக் கொடுத்து மீதியைக் கக்க வைக்கிற இந்தக் காரியத்துக்கு அவர் பாடக்குறிப்பில் எழுதியிருந்த பெயர், மாணவர் பங்கேற்பு. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்து முடித்தேன். அதற்கு மேல் சுளிக்க இடமில்லை.

அந்த வகுப்பில்தான் 'இருங்க' இருந்தாள். ஒல்லியான பெண், இரண்டு சடை, ஒன்றில் மட்டும் ரிப்பன். எதைக் கேட்டாலும் "இருங்க" என்பாள். அதற்குள் டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். இவளுக்குப் பதில் வந்து சேரும்போது வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குக் கேள்விக்கு அவள் கண்டுபிடித்த விடையை நில வரைபடப் பாடத்தின் நடுவில் எழுந்து சொன்னதை நானே பார்த்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விடை சரி. அதை யாரும் கவனிக்கவில்லை.

என் முதல் பாடத்துக்கு ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்தேன். வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது.

"இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

"டம்ளர் ஓட்டை சார்!"

"நீங்க கொட்டிட்டீங்க சார்!"

இருங்கவைப் பார்த்தேன். "இருங்க சார்," என்றாள்.

"அவ்வளவுதான் சார், நாம பெல் அடிக்கற வரைக்கும் இருக்க வேண்டியதுதான்," என்றான் பக்கத்து பெஞ்ச் பையன்.

நான் இருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, உலகத்தின் ஒரே ஆசிரியனாக நின்றேன். சிரிப்பு ஓய்ந்தது, முணுமுணுப்பு ஓய்ந்தது, மின்விசிறியின் கிறீச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் டம்ளரையே பார்த்தாள். விரலால் பெஞ்சில் ஏதோ கோடு இழுத்தாள்.

"சார், உள்ள மையை ஊத்துங்க. ஓட்டையா இருந்தா வெளிய வர்றதும் நீலமா இருக்கணும்ல? வெள்ளையா இருந்தா வேற எங்கயோ இருந்து வருது."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பதிலைப் பிடிக்கும் வழியே வந்துவிட்டது. மையை ஊற்றினேன். உள்ளே நீலம், வெளியே பளிங்கு. பக்கத்து பெஞ்ச் பையன் வாயைப் பிளந்தான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கேட்டார்: "பாடம் எத்தனை பக்கம் முடிஞ்சுது தம்பி?"

சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனேன். தலைமையாசிரியர் சாப்பிட்டுவிட்டு, யாரோ ஒரு பிள்ளை வரைந்த சார்ட்டின் பின்பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கறை ஐந்து விரலாகப் பதிந்தது. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

"அந்த இருங்க பொண்ணைப் பத்தி என்ன முடிவு சார்?" என்றார் டீச்சர். "அவளை வெச்சுக்கிட்டு என்னால பாடம் ஓட்ட முடியாது."

"மெல்லக் கற்பவர்னு போட்டு, தனிக்கவனப் பிரிவுக்கு அனுப்பிடலாம்."

தனிக்கவனப் பிரிவை நான் பார்த்திருக்கிறேன். வராந்தாவின் கடைசி அறை, கழிப்பறைக்கு அடுத்தது. பாதி அறையில் கால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருப்பார்கள். மீதியில் பிள்ளைகள். காலையில் விளையாட்டு மாஸ்டர் வந்து பூட்டைத் திறந்து, கரும்பலகையில் ஒரு வரி எழுதி, மாலை வரை அதையே எழுதச் சொல்லிவிட்டுப் போவார். சாக்கடை நாற்றத்துக்குப் பிள்ளைகள் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு எழுதும். அங்கே போன பிள்ளை எதுவும் பழைய வகுப்புக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த அறையில் தனி உண்டு. கவனத்தைத்தான் காணோம்.

"சார், அவளுக்கு எல்லாம் தெரியும்," என்றேன். "இங்க யாருக்கும் காத்திருக்கத் தெரியல, அதான்."

தலைமையாசிரியர் பல்லிடுக்கைக் குச்சியால் குத்தியபடி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும் சார்."

"அப்ப ஒண்ணு செய்வோம். உங்க கடைசி பாடத்துக்கு உங்க பேராசிரியர் வர்றாரு, நானும் வர்றேன். எங்க முன்னால ஒரே ஒரு கேள்விக்கு அவ வாயால பதில் வரட்டும். வந்தா இதே வகுப்புல இருக்கட்டும். வரலைன்னா திங்கக்கிழமை கடைசி ரூம். என்ன?"

"வரும் சார்."

டீச்சர் ஓர் இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "பாவம் தம்பி நீங்க," என்றார்.

இருங்கவின் அம்மாவுக்குத் தையல் கடை. விஷயம் காதுக்கு எட்டியதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காலடியில் வெட்டுத்துணி குவிந்த சின்னக் கடை. தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் இஸ்திரி மேசை, மேசைமேல் தையலை அழுத்தித் தேய்ப்பதற்காக நனைத்து மடித்த துணி. அம்மாவின் உதட்டில் வரிசையாகக் குண்டூசிகள். அத்தனை ஊசியையும் வைத்துக்கொண்டு அவர் பேசின பேச்சை ஆக கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

"வாங்க தம்பி, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா, வேண்டாமா, சரி. இவளை அந்த ரூமுக்கு அனுப்பப் போறாங்களாமே? நானும் அந்த ரூம்லதான் தம்பி இருந்தேன், அப்பவும் அதே நாத்தம்தான், ஒரே வரியை எழுதி எழுதி என் கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கும், வேற ஒண்ணும் வராது. இவ அங்க போகக் கூடாது. என்னடி, போவியா? போக மாட்டா. பசிக்குதாடி? பசிக்காது, இப்பதான் தின்னா."

மெஷின் பக்கத்தில் நின்ற இருங்க வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அக்கா, பாத்தீங்களா?" என்றேன். "கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அவ எங்க பேசறது? இனிமே எதாவது கேட்டா, வாயை மூடிக்கிட்டு அவ முகத்தையே பாருங்க. பதில் தானா வரும்."

"என் வாயை மூடணும்னா இந்தக் குண்டூசியெல்லாம் பத்தாது தம்பி, கோணி ஊசிதான் வேணும்." சிரித்தார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். "நீங்க காத்திருப்பீங்கல்ல?"

"அது ஒண்ணுதான் அக்கா எனக்குத் தெரியும்."

என்னுடைய கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி பாடத்தன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

விடுதியில் பசை தலையில் அடித்துக்கொண்டான். "கேக்கப் போற கேள்வியை முன்னாடியே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுடா. வீட்டுல உக்காந்து யோசிச்சுட்டு வரட்டும். சின்ன உதவிதானே?"

"அது ஒத்திகை. நாடகம். உன் முஷ்டி வேலை."

"டேய், ஒரு புள்ள நாத்தத்துல உக்காராம இருக்க நாடகம் போட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"என் கொள்கை குறைஞ்சு போயிடும்," என்றேன். என்ன கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா! பசை தன் சூரியனுக்கு மீசை திருத்தப் போனான்.

கடைசி பாடம். பின்னால் மூன்று நாற்காலிகள்: ஆக, தலைமையாசிரியர், டீச்சர். நடுவில் பிஸ்கட் தட்டு. ஆக பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி முக்கித் தின்றார். ஒரு துண்டு ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட, விரலை விட்டுத் துழாவி எடுத்து, விரலோடு சேர்த்து வாயில் வைத்தார். அதே விரலால் பேனாவைப் பிடித்து மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டார்.

மேசைமேல் ஒரு தட்டிலும் ஒரு டம்ளரிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். ஆவியாதலைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"இந்த ரெண்டுல எது சீக்கிரம் காயும்? ஏன்?"

கைகள் எழுந்தன. நான் அவளைப் பார்த்தேன். எழுந்து நின்றாள்.

"இருங்க சார்."

இருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மின்விசிறி கிறீச் என்றது. யாரோ ஒரு பையன் கிளுக்கென்று சிரித்து அடக்கினான். தலைமையாசிரியரின் நாற்காலி முனகியது. அவள் தட்டைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். டீச்சர் இருமல் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார். அந்தச் சரசரப்பு வகுப்பு முழுக்கக் கேட்டது.

ஆகவின் பேனா மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த கட்டம்தான்: வகுப்பறை மேலாண்மை. அந்தத் தாளைத் தலைகீழாகப் பார்த்தாலும் எனக்கு வாசிக்க வரும். பேனா மெல்ல இறங்கியது. ஆக தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். 'என்னப்பா, நின்னுட்டியே?' என்கிற பார்வை.

அவள் வலது கையை பெஞ்சின்மேல் குவித்து வைத்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை மரத்தில் பரத்தினாள். வாய் திறந்தது.

"பரப்பு!" என்றேன் நான். "தட்டுல தண்ணி பரந்து கிடக்கு. காத்து படற இடம் அதிகம். அதனால தட்டுத் தண்ணி சீக்கிரமா கா..."

"யும்!" என்றது வகுப்பு, கூரை அதிர.

பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து, எதையோ அழகாகச் சுழித்தது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். அதனால் அவள் நின்றது தனியாகத் தெரியவில்லை.

"ஆக, ரொம்ப உயிரோட்டமான வகுப்பு," என்றார் ஆக வராந்தாவில், மீசையில் பிஸ்கட் தூளோடு. "காத்திருப்பு நேரம் குடுத்தீங்களா? குடுத்தீங்க. நானே பாத்தேன். அந்தப் பொண்ணு தடுமாறினப்ப கைகுடுத்தீங்க பாருங்க, அதுக்குப் பேர் என்ன?"

"சாரக்கட்டு சார்," என்றேன்.

"அதேதான். முதல் தரம்."

தலைமையாசிரியர் பல்குச்சியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். "அந்தப் பொண்ணு வாயைத் திறக்கலையே தம்பி?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நடந்ததை நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். அந்த டீச்சர் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"திறக்கல சார்," என்றேன்.

சாயங்காலம் கால்சட்டை வாங்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் என்னிடம் இருந்த ஒரே நல்ல கால்சட்டை அது. கடைக்குள் இருங்க, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், இஸ்திரி மேசை ஓரத்தில் நின்றாள். அம்மா அப்போதுதான் மெஷினை நிறுத்தினார்.

"வாங்க தம்பி! கால்சட்டை ரெடி. இன்னைக்குத்தானே அந்தக் கேள்வி? வந்ததுல இருந்து இவகிட்ட நான் ஒண்ணுமே கேக்கல, நீங்க வந்தப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்." உதட்டிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் திண்டில் குத்தினார். மகளின் பக்கம் திரும்பினார். "சார் கேள்வி கேட்டாராடி? நீ என்ன சொன்ன?"

"இரும்மா."

அம்மா வாயை மூடிக்கொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தையே பார்த்தார். உதடு துடித்தது, நடுவில் ஒரு முறை மூச்சை இழுத்தார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் மூடிக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சொல் பிசகாமல்.

சிறுமி மேசைமேல் மடித்து வைத்திருந்த ஈரத்துணியை எடுத்தாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள். இன்னொரு மடிப்பைப் பிரித்தாள். மேசை முழுக்க, மூலை மூலையாக இழுத்து, பரத்தி விட்டாள். இன்னொரு ஈரத்துணியை மடித்தபடியே அதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நிமிர்ந்தாள்.

"சார் கேட்டப்ப நான்..."

"கேட்டேன்க்கா," என்றேன். குரலை உயர்த்தவில்லை, தேவைப்படவும் இல்லை. "நல்லாக் காத்திருந்து பாத்தேன். அவளுக்கு வரல. மெல்லக் கற்பவர்னு ஒரு வகை உண்டு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பிரிவுல தனிக்கவனம் கிடைக்கும், அதுதான் இப்போதைக்கு இவளுக்கு நல்லது."

அம்மா இன்னும் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதானேம்மா?" என்று அவளிடமே கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள்.

"சரி," என்றேன். கால்சட்டையை மடித்து வாங்கிக்கொண்டேன்.